டிஓசி படித்து என்ன ஆகப்போகிறது?

கேள்வி: வணக்கம் சார். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. இப்போது நான்காம் செமஸ்டர்: டிஓசி (தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கணினிக் கோட்பாடு), ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்), டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் பாடம்), அல்காரிதம்ஸ், ஏஐ என்று பேப்பர் மேல் பேப்பர். அதிலும் டிஓசி வகுப்பில் வட்டம் வட்டமாக வரைந்து அம்புக்குறி போடுகிறோம். கம்ப்யூட்டரைத் தொடுவதே இல்லை. போன செமஸ்டரில் டிஸ்கிரீட் மேத்ஸ் அரியர் விழுந்துவிட்டது. ‘இதெல்லாம் பாஸ் பண்ணினா போதும், வேலைக்கு ஒண்ணும் உதவாது, வெளியே ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் சேர்ந்துடு’ என்கிறார்கள் சீனியர்கள். வெப்சைட்டை முழுதாகச் செய்யக் கற்றுத்தரும் அந்தக் கோர்ஸுக்கு 45,000 ரூபாய். அப்பா கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இன்னொரு பக்கம், கோடு எல்லாம் இனிமேல் ஏஐ எழுதிவிடும் என்கிறார்கள். நான் எதைத்தான் படிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

பதில்: தம்பி, பணத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்த 45,000 ரூபாயை இந்த வருடம் கட்டாதீர்கள். கடன் வாங்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்தக் கோர்ஸில் சொல்லித்தரும் விஷயம் உங்களுக்குத் தேவைப்படும். ஆனால் இப்போதைக்கு இல்லை, அந்த விலைக்கும் இல்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை. பார்ட் ஏ-வுக்கு இரண்டு மார்க் விடைகளை மனப்பாடம் செய்து, ஐந்து யூனிட்டில் மூன்றை மட்டும் உருட்டி, 13 மார்க் கேள்விக்கு நாலு பக்கம் நிரப்பி வாங்குகிற பாஸ் மார்க் வேலைக்கு உதவாதுதான். அப்படித் தாண்டி வந்தவர்கள் ‘பாடம் உதவாது’ என்று சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் பேப்பரை எழுதினார்கள். பாடத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை.

நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கல்லூரி முடித்து வருகிறவர்களை நேர்காணல் செய்யும் குழுவிலும் இருக்கிறேன். ரெஸ்யூமில் எல்லோரும் ஒரு ப்ராஜெக்ட் போட்டிருப்பார்கள்: உணவு டெலிவரி ஆப், நூலக மேலாண்மை, மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட். எதுவாக இருந்தாலும் அதில் ஒரு லாகின் பக்கம் இருக்கும். ‘பாஸ்வேர்டை டேட்டாபேஸில் எப்படி வைத்தீர்கள்?’ என்று கேட்பேன். சிலர் ‘அப்படியே வைத்தேன் சார்’ என்பார்கள். நிறையப் பேர் ‘என்கிரிப்ட் பண்ணினேன்’ என்பார்கள். ‘சரி, அதைத் திறக்கும் சாவியை எங்கே வைத்தீர்கள்?’ என்றால் பதில் வராது. ஹாஷ் செய்து (திருப்பி எடுக்க முடியாத ஒரு மதிப்பாக மாற்றி) வைக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனித்தனி சால்ட் (தற்செயலான கூடுதல் எழுத்துகள்) சேர்க்க வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டால், ‘டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் படித்த ஹாஷும் இதுவும் ஒன்றா?’ என்று அடுத்த கேள்வி போடுவேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஹாஷ் வேகமாக இருக்க வேண்டும். பாஸ்வேர்டுக்கான ஹாஷ் வேண்டுமென்றே மெதுவாக இருக்க வேண்டும், அப்போதுதான் திருடன் கோடிக்கணக்கில் முயன்று பார்க்க முடியாது. ‘லாகின் பக்கம் செய்வது எப்படி’ என்று மட்டும் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். இதைத் தானாகவே யோசித்துச் சொல்கிற மாணவரை நாங்கள் விடுவதில்லை.

அந்த டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஹாஷையே கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஒரு சொல்லை ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண்ணைக் கொண்டு அதை வைக்கும் அறையைக் கண்டுபிடிப்பதுதான் ஹாஷ் டேபிள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் கடைசி யூனிட்டில் வந்திருக்கும்: செப்பரேட் செயினிங், ஓப்பன் அட்ரசிங், ரீஹாஷிங். பெயர்கள் ஞாபகம் இருக்கும். ஜாவாவில் ஒரு சொல்லின் ஹாஷ் மதிப்பை இப்படிக் கணக்கிடுகிறார்கள்: முதல் எழுத்தின் எண்ணை 31-ஆல் பெருக்கி அடுத்த எழுத்தின் எண்ணைக் கூட்டு, சொல் நீண்டால், வந்த விடையை மறுபடி 31-ஆல் பெருக்கி அடுத்ததைக் கூட்டு. ஆங்கிலப் பெரிய ஏ-யின் எண் 65, சின்ன ஏ-யின் எண் 97. பெரிய ஏ, சின்ன ஏ இரண்டையும் சேர்த்து எழுதினால் 65 × 31 + 97 = 2112. இப்போது இரண்டு பெரிய பி. அதன் எண் 66. 66 × 31 + 66, அதுவும் 2112. இரண்டு வேறு சொற்கள், ஒரே மதிப்பு. நோட்டில் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

இது ஜாவா எழுதியவர்களின் கவனக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மதிப்பு 32 பிட். சுமார் 429 கோடி மதிப்புகள்தான் உண்டு. சொற்களுக்கோ கணக்கே இல்லை. எங்கேயாவது இரண்டு மோதியே தீரும். டிஸ்கிரீட் மேத்ஸ் இரண்டாம் யூனிட்டில் பிஜன்ஹோல் பிரின்சிபிள் என்று படித்து நீங்கள் அரியர் வைத்தது இதைத்தான்.

மோதினால் என்ன? ஒன்றிரண்டு மோதினால் ஒன்றுமில்லை. ஆனால் மேலே சொன்ன இரண்டு ஜோடிகளையும் மாற்றி மாற்றி அடுக்கினால், பத்து ஜோடி நீளத்தில் ஒரே ஹாஷ் மதிப்புள்ள 1024 சொற்கள் கிடைக்கும். நீளத்தைக் கூட்டினால் இன்னும் ஆயிரக்கணக்கில். ஒரு வெப்சைட்டின் படிவத்தில் அந்தச் சொற்களைப் புலப் பெயர்களாகப் போட்டு அனுப்பினால், சர்வரில் உள்ள ஹாஷ் டேபிள் எல்லாவற்றையும் ஒரே அறையில் நீளமான லிங்க்டு லிஸ்ட்டாகக் கோக்கும். ஒவ்வொரு புதுச் சொல்லும் வரிசையின் கடைசிவரை நடக்க வேண்டும். ‘வொர்ஸ்ட் கேஸ் ஓ ஆஃப் என்’ என்று இரண்டு மார்க்குக்கு எழுதினீர்களே, அது நிஜத்தில் சர்வரைப் படுக்கவைத்துவிடும். 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் இதைச் செய்து காட்டினார்கள். பிஎச்பி, ஜாவா, பைதான், ரூபி என்று பல மொழிகள் மாட்டின. அதன் பிறகு பைதான் 3.3-லிருந்து சொற்களின் ஹாஷ் மதிப்பு ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தற்செயலாக மாறும்படி செய்தார்கள். ஜாவா 8-ல், ஒரே அறையில் எட்டுக்கு மேல் சேர்ந்து டேபிளும் ஓரளவு பெரிதாக இருந்தால் லிங்க்டு லிஸ்ட், வேகமாகத் தேடத்தக்க ரெட்-பிளாக் மரமாக மாறிவிடும். ஒரு யூனிட்டின் கடைசிப் பகுதியில் இவ்வளவு இருக்கிறது.

இனி டிஓசி. வட்டமும் அம்புக்குறியும் உங்களுக்கு எரிச்சலாக இருப்பது புரிகிறது. அந்தப் பேப்பரைக் கரும்பலகையில் மட்டும் நடத்தினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஒரு சம்பவம் சொல்கிறேன். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனத்தின் சேவை உலகம் முழுக்க 27 நிமிடம் விழுந்தது. இணையத்தில் கணிசமான வெப்சைட்டுகள் அவர்கள் வழியாகத்தான் போகின்றன. அத்தனையிலும் 502 என்ற பிழைப் பக்கம். காரணம், தாக்குதல்களைத் தடுக்க அவர்கள் புதிதாகச் சேர்த்த விதியில் இருந்த ஒரே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது உரையில் தேட வேண்டிய எழுத்து அமைப்பைச் சொல்லும் ஒரு சூத்திரம். ‘எதுவாவது இருக்கலாம், அப்புறம் மறுபடி எதுவாவது இருக்கலாம், அதன் பிறகு சமக்குறி’ என்கிற மாதிரி ஒரு பகுதி அதில் இருந்தது. அவர்கள் பயன்படுத்திய ரெகுலர் எக்ஸ்பிரஷன் இயந்திரம் பின்வாங்கிப் பின்வாங்கித் தேடும் வகை. முதல் ‘எதுவாவது’ எத்தனை எழுத்தை விழுங்க வேண்டும், இரண்டாவது எத்தனை என்று எல்லாப் பிரிவுகளையும் ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். உரை நீள நீள வேலை பல மடங்காகும். உலகம் முழுக்க அவர்களுடைய சர்வர்களில் சிபியு 100 சதவீதம் போய் நின்றது.

இப்போது உங்கள் நோட்டில் இருக்கும் டிஎஃப்ஏ-வை, அதாவது அந்த வட்டமும் அம்புக்குறியுமான படத்தைப் பாருங்கள். ஒரு எழுத்தைப் படிக்கிறது, ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்கிறது. பின்னால் திரும்புவதே இல்லை. ஆயிரம் எழுத்து என்றால் ஆயிரம் நகர்வு, அவ்வளவுதான். ரெகுலர் எக்ஸ்பிரஷனை என்எஃப்ஏ-வாக (ஒரே எழுத்துக்குப் பல அம்புக்குறி போகக்கூடிய படமாக) மாற்றும் கணக்கு போடுகிறீர்கள் அல்லவா? அது கணினி விஞ்ஞானி கென் தாம்சன் 1968-ல் வெளியிட்ட வழி. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிளவுட்ஃபிளேர் எடுத்த முடிவுகளில் ஒன்று, இந்த வழியில் இயங்கும், நேரத்துக்கு உத்தரவாதம் உள்ள ரெகுலர் எக்ஸ்பிரஷன் இயந்திரத்துக்கு மாறுவது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய பாடம்தான் தீர்வாக வந்தது.

அதே பேப்பரில் பம்பிங் லெம்மா வரும். அதை வைத்து, திறந்த அடைப்புக்குறியும் மூடிய அடைப்புக்குறியும் சம எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று டிஎஃப்ஏ-வால் சொல்ல முடியாது என்று நிறுவுவீர்கள், காரணம் அதற்கு வரம்பில்லாமல் எண்ணும் திறன் கிடையாது. வேலைக்குப் போனதும் யாராவது ஒருவர் எச்டிஎம்எல் பக்கத்தை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் பிரித்து மேய்ந்துகொண்டிருப்பார். டேகுக்குள் டேக் வந்ததும் உடையும். அவர் இன்னொரு நிபந்தனை சேர்ப்பார், வேறு இடத்தில் உடையும். அது எந்தக் காலத்திலும் சரியாகாது என்று உங்களுக்கு முதல் நாளே தெரியும். அடுத்த செமஸ்டரில் கம்பைலர் டிசைன் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள் பற்றிய பாடம்) வரும்போது டிஓசி-யின் இரண்டு விஷயங்கள் மறுபடி வரும்: சொற்களைப் பிரிக்க டிஎஃப்ஏ, வாக்கியத்தைப் பிரிக்க கிராமர் (வாக்கிய அமைப்பின் விதிகள்). டிஓசி-யை ஒழுங்காகப் படித்தவருக்கு கம்பைலரின் முதல் பாதி இனாம். அப்புறம் டூரிங் மெஷின், கம்ப்யூட்டரின் கற்பனை மாதிரி. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது முடிவில்லாமல் சுற்றுமா, நிற்குமா என்று சொல்லும் ஒரு பொது நிரலை எழுதவே முடியாது என்று ஆலன் டூரிங் 1936-ல் நிறுவினார், மின்னணுக் கம்ப்யூட்டர் என்ற பெட்டி வருவதற்கு முன்பே. முடியாத வேலை எது என்று தெரிந்திருப்பதற்கும் சம்பளம் உண்டு, நம்புங்கள்.

ஓஎஸ் பேப்பரை நான் அதிகம் விளக்கப் போவதில்லை. லாபில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள், போதும். சி-யில் ஒரு மாறி, தொடக்கம் பூஜ்யம். இரண்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் நிரலின் இரண்டு கிளைகள். ஒவ்வொன்றும் 10 லட்சம் முறை அதில் ஒன்றைக் கூட்ட வேண்டும். விடை 20 லட்சம்தானே வர வேண்டும்? ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் வராது. ஒவ்வொரு முறையும் வேறு எண், 20 லட்சத்துக்குக் கீழே. ‘ஒன்றைக் கூட்டு’ என்று நீங்கள் ஒரே வரியில் எழுதியது உள்ளே மூன்று வேலை: நினைவகத்திலிருந்து எடு, கூட்டு, திருப்பி வை. இது கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் பாடம். இரண்டு த்ரெட்டும் ஒரே எண்ணை எடுத்துவிட்டால் ஒரு கூட்டல் காணாமல் போகும். மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட்டு மறுபடி ஓட்டுங்கள். 20 லட்சம் வரும், ஆனால் மெதுவாக வரும். எவ்வளவு மெதுவாக என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். இதை முடித்துவிட்டு ப்ரொட்யூசர்-கன்ஸ்யூமர் பயிற்சிக்குப் போனால் செமஃபோர் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது எப்படியும் நடந்துவிடும்.

தட்கலில் கடைசி ஒரு பெர்த் இருக்கும்போது சேலத்திலிருந்து ஒருவரும் மதுரையிலிருந்து ஒருவரும் ஒரே நொடியில் அழுத்தினால் இருவருக்கும் டிக்கெட் போகக் கூடாது. பிரச்சினை மேலே சொன்ன அதே பிரச்சினைதான், அளவு மட்டும் பெரிது. அதை டேட்டாபேஸ் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் டிபிஎம்எஸ்-ல் வரும் டிரான்சாக்ஷன் யூனிட். பேங்க் ஆப், யுபிஐ, சினிமா டிக்கெட் என்று எங்கே போனாலும் இது இருக்கும்.

டிபிஎம்எஸ்-ல் நார்மலைசேஷனுக்கு வகுப்பில் நிறைய நேரம் போகும், போகட்டும். வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸிங்குக்கு நீங்களாக நேரம் ஒதுக்குங்கள். மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைப் போட்டுக்கொண்டு, பைதானில் கற்பனையாக 10 லட்சம் மாணவர் விவரங்களை உருவாக்கி உள்ளே தள்ளுங்கள். மாவட்டம், பெயர் என்ற வரிசையில் ஓர் இன்டெக்ஸ் போடுங்கள். மாவட்டத்தையும் பெயரையும் கொடுத்துத் தேடினால் பி-பிளஸ் மரத்தில் மூன்று நான்கு தாவலில் கிடைத்துவிடும். பெயரை மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் மொத்த அட்டவணையையும் புரட்ட வேண்டிவரும். பழைய டெலிபோன் டைரக்டரியில் ஊர் வாரியாகப் பிரித்து, அதற்குள் பெயரை அகர வரிசையில் போட்டிருப்பார்கள். ஊர் தெரியாமல் பெயரை மட்டும் வைத்து எப்படித் தேடுவீர்கள்? எக்ஸ்பிளெய்ன் என்ற சொல்லைத் தேடல் கட்டளைக்கு முன்னால் போட்டால் டேட்டாபேஸ் எந்த வழியில் தேடப்போகிறது என்று அதுவே சொல்லும். என் வேலையில் ‘சிஸ்டம் ஸ்லோவா இருக்கு’ என்று வரும் புகார்களில் பெரும்பங்கு கடைசியில் ஏதாவது ஓர் இன்டெக்ஸில் வந்து முடியும்.

இன்னொரு பயிற்சி சொல்லவா? தமிழ் வழியில் படித்தவர் என்பதால் உங்களுக்கு இது பிடிக்கும். முதல் செமஸ்டர் பைதான் லாபில் பாலிண்ட்ரோம் செய்திருப்பீர்கள்: சொல்லைத் திருப்பிப் போட்டால் அதே சொல் வருகிறதா என்று பார்ப்பது. மேடம், மலையாளம் என்று ஆங்கில எழுத்தில் கொடுத்து ‘ட்ரூ’ வந்ததும் அப்சர்வேஷனில் ஒட்டியிருப்பீர்கள். அதே நிரலுக்கு ‘விகடகவி’ என்று தமிழில் கொடுங்கள். நாம் பள்ளியிலேயே படித்த சொல், எப்படிப் படித்தாலும் விகடகவிதான். பைதான் ‘ஃபால்ஸ்’ என்று சொல்லும். நீளம் கேட்டால் ஐந்து என்று சொல்லாது, ஏழு என்று சொல்லும். எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையான யூனிகோடில் ‘வி’ என்பது ஒரே எழுத்தாக இல்லை. ‘வ’ தனியாக, இகரக் கொக்கி தனியாக. திருப்பிப் போடும்போது கொக்கி முன்னால் வந்து நிற்கும். கோப்பில் சேமித்தால் யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 21 பைட். இதைச் சரிசெய்ய, மெய்யோ உயிரோ தன் பின்னால் வரும் குறியீடுகளோடு சேர்த்து ஒரு கட்டாகப் பிரிக்க வேண்டும். அதற்கு எழுதப்போகும் நிரல் என்ன தெரியுமா? ‘எழுத்துக்குள் இருக்கிறேன்’, ‘புது எழுத்து தொடங்குகிறது’ என்று நிலை மாறும் ஒரு குட்டி டிஎஃப்ஏ. வட்டமும் அம்புக்குறியும் மறுபடி. ரெஸ்யூமில் நூலக மேலாண்மை போடுவதற்குப் பதில் தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணும், திருப்பும், அகர வரிசைப்படுத்தும் ஒரு சின்ன லைப்ரரி எழுதிப் போடுங்கள். நேர்காணலில் அரை மணி நேரம் நீங்கள் பேசலாம். கேள்வி கேட்பவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

மற்ற பேப்பர்களைப் பற்றிச் சுருக்கமாக. டிஜிட்டல் பேப்பரில் எண்களை பைனரியில் எப்படி வைக்கிறார்கள் என்பது மட்டும் மறக்கக் கூடாது: 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் கம்ப்யூட்டர் 0.30000000000000004 என்று சொல்லும். ஆகவே பணக் கணக்கை ரூபாயில் தசமமாக வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். நெட்வொர்க்ஸ் அடுத்த செமஸ்டர். வயர்ஷார்க் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு உங்கள் லேப்டாப் ஒரு வெப்சைட்டைத் திறக்கும்போது இணைப்பைத் தொடங்க டிசிபி கைகுலுக்கும் மூன்று பாக்கெட்டுகளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஏஐ பேப்பரில் கணக்கு கொஞ்சம் பின்னால் வரும், அதற்கு லீனியர் அல்ஜீப்ராவைத் தூசி தட்ட வேண்டும். சுற்றுச்சூழல் பேப்பரை என் ஆலோசனை இல்லாமலே பாஸ் செய்துவிடுவீர்கள். எல்லாப் பேப்பரிலும் ஒரே மாதிரி உயிரைக் கொடுக்கத் தேவையில்லை. நேரம் குறைவு என்றால் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் – அல்காரிதம்ஸ், ஓஎஸ், டிபிஎம்எஸ், நெட்வொர்க்ஸ் இவற்றின் நேரத்தைக் குறைக்கக் கூடாது. மற்றதில் சமாளித்துக்கொள்ளலாம்.

கோடு எல்லாம் ஏஐ எழுதும் என்பது நிஜம்தான். நானும் தினமும் எழுத வைக்கிறேன். பல நேரம் நன்றாகவே எழுதும். சில நேரம் இப்படி ஒன்று வரும்: ஒரு கோப்பில் உள்ள போன் நம்பர்களில் இரட்டிப்பை நீக்கச் சொன்னால், ஒவ்வொரு நம்பரையும் ஏற்கெனவே பார்த்தவற்றின் லிஸ்ட்டில் இருக்கிறதா என்று தேடிச் சேர்க்கும். நூறு நம்பர் வைத்துச் சோதித்தால் கண் இமைப்பதற்குள் முடியும். இரண்டு லட்சம் நம்பர் வைத்தால் சுமார் 2000 கோடி ஒப்பீடு. டீ குடித்துவிட்டு வரலாம், அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். லிஸ்ட்டை செட்டாக மாற்றினால், அதாவது அதே ஹாஷ் டேபிள், ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். மாற்ற வேண்டியது ஒன்றிரண்டு சொல். அந்த இடத்தில் கண் போய் நிற்பதற்குத்தான் ஓர் ஆண்டு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் அல்காரிதம்ஸும். ஏஐ எழுதியதைப் படித்து ‘இது இங்கே உடையும்’ என்று சொல்லத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. அது தந்ததை அப்படியே ஒட்டுகிறவருடைய நிலைமை உங்கள் சீனியர்கள் பயப்படுகிற மாதிரிதான்.

ஃபுல் ஸ்டாக் கோர்ஸுக்கு வருகிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், நோட், மாங்கோடிபி என்று சொல்லித்தருவார்கள். கெட்ட விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆங்குலர்ஜேஎஸ் என்ற வெப் கருவி 2010-ல் வந்தது; ஒரு காலத்தில் இதே மாதிரி பயிற்சி மையங்களில் அதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள்; 2021 முடிந்ததோடு கூகுள் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. நீங்கள் இந்த செமஸ்டரில் படிக்கும் ரிலேஷனல் மாடலோ (தரவை அட்டவணைகளாக வைக்கும் முறை) எட்கர் காட் என்ற கணினி விஞ்ஞானி 1970-ல் எழுதியது. இன்னும் அதன் மேல்தான் பேங்குகள் ஓடுகின்றன. அதனால் வெப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டு நெட்வொர்க்ஸ் முடிந்ததும் படியுங்கள். எச்டிடிபி என்றால் என்ன என்று தெரிந்தபின் படித்தால் பாதி நேரத்தில் முடியும். எம்டிஎன் என்ற வெப் கற்றல் தளத்தில் எல்லாம் இலவசமாக இருக்கிறது. உங்கள் கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் வரும் கோர்ஸ்களையும் தள்ளிவிடாதீர்கள், அவற்றுக்கும் கட்டணம் கிடையாது. பிளேஸ்மென்ட் உறுதி என்று அந்தப் பயிற்சி மையம் சொல்லியிருந்தால், அந்த உறுதியை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு அப்பாவும் நீங்களும் முடிவு செய்துகொள்ளலாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தமிழ் வழி என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். வகுப்பில் புரியாமல் போவது பெரும்பாலும் ஆங்கிலத்தால் அல்ல, வேகத்தால். என்பிடெல் தளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் வீடியோக்கள் இலவசம். நிறுத்தி, திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. பார்த்ததை உங்கள் நண்பருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். டெட்லாக் என்றால் என்ன என்று கலைச்சொல் ஆங்கிலமும் விளக்கம் தமிழுமாகச் சொல்ல முடிந்தால் உங்களுக்குப் புரிந்துவிட்டது. வைவாவில் ஆங்கிலம் தடுமாறினால் படம் வரைந்து காட்டுங்கள், நேர்காணலிலும் அப்படித்தான். நாங்கள் கிராமருக்கு மார்க் போடுவதில்லை.

கடைசியாக அந்த அரியர். முதல் யூனிட்டிலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டாம். கிராஃப் யூனிட்டை முதலில் எடுங்கள்; அல்காரிதம்ஸ் வகுப்பில் இப்போது அதே கிராஃப்தான் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு படிப்பில் இரண்டு பேப்பர். அடுத்து லாஜிக், அதற்குப் பிறகு காம்பினடோரிக்ஸ். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் பாஸ் பற்றிய பயம் போய்விடும். லேட்டிஸ் யூனிட்டில் பூலியன் அல்ஜீப்ரா பகுதி டிஜிட்டல் பேப்பரில் ஏற்கெனவே போட்டதுதான். குரூப் தியரியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விட்டுவிடாதீர்கள், ஐந்தாம் செமஸ்டர் கிரிப்டோகிராஃபி பேப்பரில் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறை வரும்போது அது இல்லாமல் ஒரு வரி நகராது.